நொச்சியை அடித்தவள்

செடிக்கு வலிக்குமா என்று என்னிடம் கேட்காதீர்கள், கண்ணுகளா. அது வலிதானா, வேறு ஏதாவதா என்று யாரும் தீர்த்துச் சொன்னதில்லை. அடித்தால் அது சும்மா இருக்காது என்பது மட்டும் தெரியும். இந்தக் கதைக்கு அது போதும்.

இனிமேல் நடக்கப்போவதைத்தான் நடந்ததுபோலச் சொல்கிறேன். நம் பிள்ளைகளின் பிள்ளைகள் தலையெடுத்திருக்கும் காலம் அது. குடமுருட்டி ஆற்றங்கரையில் பாதி நிலம் நெல்லை மறந்து மீன்குளமாகியிருந்தது. கிருமிகளெல்லாம் மருந்துக்குப் பழகிப்போயிருந்தன. காலில் முள் குத்திச் சீழ் வைத்தால்கூட ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். மிச்சமிருந்த இரண்டொரு மருந்தும் மனிதருக்கு மட்டும்தான், ஆட்டுக்கும் மாட்டுக்கும் மீனுக்கும் கொடுத்தால் ஜெயில் என்று சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டத்தில் தப்பில்லை. மனிதர் பிழைக்க வேண்டுமே. ஆனால் மீன் வளர்த்துச் சாப்பிடுகிறவள் எங்கே போவாள்?

நாவற்குடி தையல்நாயகி அப்படி ஒருத்தி. அவள் குளத்தில் கட்லாவும் ரோகுவும் வளர்ந்தன. வளர்ந்தன என்று சொல்வதுகூடச் சரியில்லை. முதல் தடவை விட்ட குஞ்சுக்கும் புண் நோய் வந்தது, அடுத்த தடவை விட்டதற்கும் வந்தது. முதலில் வயிற்றில் சிவப்புப் புள்ளி தெரியும். பிறகு செதில் தூக்கிக்கொள்ளும். அந்த இடம் புண்ணாகிக் குழி விழும். அப்புறம் ஒரு காலையில் வந்து பார்த்தால் குளம் முழுக்க வெள்ளை வயிறு.

அவள் புருஷன் வைத்தி, இரண்டாவது தடவை மீனை அள்ளிப் புதைத்த கையோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டான். "இன்னொரு தடவ மீன் மெதந்துச்சுன்னா குளத்தத் தூர்த்துட்டு நீயும் வந்துரு. ரெண்டு பேரும் தையல் மிஷின்ல உக்காந்துரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். தையல்நாயகி கல்யாணத்துக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவள்தான். ஒண்ணுக்குப் போவதற்குக்கூட மேஸ்திரியிடம் கைதூக்கிக் கேட்ட காலம் அவளுக்கு மறக்கவில்லை. குளத்தை விட்டுப் போக மாட்டேன் என்று மனதுக்குள் முடிபோட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு மூலிகைக் கம்பெனியிலிருந்து நிரஞ்சனா என்ற பெண் வேனில் நாற்றுகளோடு வந்து இறங்கினாள்.

"இது நொச்சிதானே? எங்க ஊரு வேலி பூரா நிக்குது" என்றாள் தையல்நாயகி.

"நொச்சிதான்கா. ஆனா இது பெரிய கோவக்காரி. அப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கோம்."

"செடிக்கு என்ன கோவம்?"

"செடியால ஓட முடியாதில்ல? புழு கடிச்சா, ஆடு மேஞ்சா அது என்ன பண்ணும்? இலையில கசப்ப ஏத்திக்கும். அந்தக் கசப்புதான் நமக்கு மருந்து. மீனு புண்ணுல இருக்கிற கிருமி அதுக்குத் தாங்காது. சும்மா பறிச்சு அரைச்சீங்கன்னா வெறும் தழைத்தண்ணி. அடிச்சுட்டுப் பறிக்கணும்."

"அடிக்கிறது யாரு?"

வேனிலிருந்து ஒரு சின்ன வண்டியை இறக்கினாள் நிரஞ்சனா. இடுப்புயரம். இரண்டு பக்கமும் ரப்பர் வார்கள் தொங்கின. செடி வரிசைகளுக்கு நடுவே தானாக உருண்டு போய் வார்களைச் சுழற்றி அடிக்கும். இலை கிழியும், தண்டு நசுங்கும், செடி மட்டும் சாகாது. "ஒரு நாள் அடிச்ச மாதிரி மறுநாள் அடிக்காதுக்கா. ஒரே மாதிரி அடிச்சா செடி பழகிடும், அப்புறம் கசப்பு ஏறாது" என்றாள்.

தையல்நாயகி சிரித்துவிட்டாள். "எங்க மாமியாரும் இப்படித்தான். தினம் ஒரு தினுசு."

சிரித்தது அந்த ஒரு தடவைதான். நொச்சி வளர்ந்தது. சாட்டை வண்டி ஓடியது. அடிபட்ட இலையின் சாற்றில் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் பிசைந்து உருட்டிப் போட்டாள். புதிதாக விட்ட குஞ்சுகள் அதைத் தின்று ஒரு புள்ளிகூட இல்லாமல் வளர்ந்தன.

குளத்துக்குக் கிழக்கே, வரப்புக்கு அந்தப் பக்கம் கலியபெருமாளின் கொடிக்கால். அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடிகள் ஆளுயரத்துக்கு ஏறி நிற்கும். உள்ளே நுழைகிறவர் யாராக இருந்தாலும் செருப்பை வெளியே விட வேண்டும். கலெக்டர் வந்தபோதே வெறுங்காலோடுதான் அழைத்துப் போனார். அவர் இலை நகம் பட்டால் முறியும். சுற்றுவட்டாரத்தில் நிச்சயதார்த்தத் தட்டு என்றால் அவர் கொழுந்துதான். தையல்நாயகி குளத்தில் குஞ்சு விடும் நாளில் கரையில் வைத்துக் கும்பிட வெற்றிலை வேண்டும். அதை அவள் ஒருநாளும் கேட்டு வாங்கியதில்லை. விடிந்து பார்த்தால் வாழை மட்டையில் சுற்றி வரப்பின்மேல் வைத்திருப்பார்.

ஆடி பிறந்து மேலைக்காற்று எழுந்த பிறகு ஒருநாள் கலியபெருமாள் வரப்பில் வந்து நின்றார்.

"தங்கச்சி, உன் வண்டியக் கொஞ்சம் நிறுத்தி வையேன்."

"ஏண்ணே, சத்தம் தொந்தரவா இருக்கா?"

"சத்தம் கெடக்கு. அது ஓடுன மறுநாளெல்லாம் என் இலை காரமாயிடுது. கும்மோணத்து ஏவாரி வாயில போட்டுட்டு, 'பெரியவரே, இது தாம்பூலமா, தண்டனையா'ங்கிறான். கட்டு கட்டாத் திருப்பி அனுப்புறான்."

"என் செடிய அடிச்சா உங்க கொடிக்கு எப்படிண்ணே காரம் ஏறும்?"

"அதத்தான் நானும் உன்னக் கேக்குறேன்."

தையல்நாயகிக்கு உண்மையிலேயே தெரியாது. நிரஞ்சனா அடுத்த தடவை வந்தபோது கேட்டாள்.

"அடிபட்ட செடி காத்துல ஒரு வாசன விடும்கா. நம்ம மூக்குக்கு எட்டாது, பக்கத்துச் செடிக்கு எட்டும். 'இங்க அடி விழுது, நீயும் தயாரா இரு'ன்னு சொல்ற மாதிரி. அதக் கேட்டதும் அந்தச் செடியும் கசப்ப ஏத்திக்கும். எல்லாச் செடியும் கொஞ்சம் அப்படித்தான். இது கூடுதலாக் கத்துது போல."

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள வச்சுத்தான் பார்த்தோம். சுத்தி வேற செடியே இல்ல, கேக்குறதுக்கு."

"இப்ப நான் என்னடி பண்றது?"

"காத்து பார்த்து ஓட்டுங்க. காத்து மேக்க பார்த்து அடிக்கிறப்ப ஓட்டுனா உங்க கொல்லைக் கத்திரிக்காதான் கசக்கும். கிழக்க அடிக்கிறப்ப ஓட்டுனா..." கண்ணால் கொடிக்காலைக் காட்டினாள்.

மறுநாள் தையல்நாயகி ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடித்தாள். அவள் வீடும் கத்திரிச் செடியும் பசுவும் மேற்கே இருந்தன. காற்று கிழக்கே போய்க்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினாள்.

அவளை உடனே வெறுத்துவிடாதீர்கள், தங்கங்களா. இன்னும் நிறைய வெறுப்பு வரப்போகிறது. அதற்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

கொடிக்காலுக்கும் கிழக்கே, கீழத்தெருவில் முதலில் முளைக்கீரை கசந்தது. பிறகு பரங்கிக்காய். பிள்ளைகள் சோற்றைத் துப்பின. மாடு புல்லை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பியது. சேதி சொல்ல ஆளா இல்லை, சாட்டை வண்டி ஓடுவதை எல்லோரும்தான் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் தையல்நாயகி குடத்தோடு போய் நின்றால் கலியபெருமாளின் மனைவி பவுனம்மாள் மற்றவர்களை விலக்கி வழிவிடச் சொல்வாள்.

"ஒதுங்குங்கடி, ஒதுங்குங்க. மருத்துவச்சி வர்றா. மீனுக்கு வைத்தியம் பார்த்து ஊருக்கெல்லாம் கஷாயம் ஊத்துறவ."

"என் மீனு செத்தப்ப நீங்க யாராச்சும் வந்து ஏன்னு கேட்டீங்களா?" என்பாள் தையல்நாயகி.

"கேக்கலதான். அதுக்காக எங்க வீட்டுக் கீரையச் சாவடிப்பியா?"

ஊராட்சித் தலைவி அமலோற்பவம் இரண்டு பேரையும் கூப்பிட்டு அனுப்பினாள். நாவற்குடியில் ஒரு வழக்கம் உண்டு. தகராறு தீர வேண்டுமென்றால் இரு தரப்பும் ஒரே தட்டிலிருந்து வெற்றிலை எடுத்துப் போட வேண்டும். வாயில் வெற்றிலை இருக்கும்போது சொல்லுகிற வார்த்தைக்கு மேல் பேச்சில்லை. போலீஸ் வந்தாலும் அந்த ஊரில் அதைத்தான் நம்புவார்கள்.

அன்றைக்குத் தட்டில் இருந்தது கலியபெருமாள் அதிகாலையில் கிள்ளிய கொழுந்து.

"மிஷினு வச்சு அளக்குறதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள் அமலோற்பவம். "தையல்நாயகி, நீயே மென்னு பார்த்துச் சொல்லு. காரம்னு சொன்னா வண்டிய நிறுத்திடணும். நல்லா இருக்குன்னு சொன்னா, கலியபெருமாளண்ணே, நீங்க இத்தோட வாய மூடிக்கணும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் கலியபெருமாள். அவர் முகத்தில் கவலையே இல்லை. வெற்றிலையை வாயில் வைத்துக்கொண்டு யார் பொய் சொல்வார்கள்?

தையல்நாயகி இலையை மடித்து வாயில் போட்டாள். இரண்டு தடவை மென்றதும் நாக்கில் நெருப்பு விழுந்ததுபோல இருந்தது. காது அடைத்தது. கண்ணில் நீர் முட்டியது. துப்பினால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் புள்ளி வரும், செதில் தூக்கும், வெள்ளை வயிறு மிதக்கும். மேஸ்திரிக்கு முன்னால் கைதூக்கி நிற்கிற தன்னையும் அவள் அங்கேயே பார்த்துவிட்டாள்.

சக்கையோடு விழுங்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கலியபெருமாள் தட்டிலிருந்து தானும் ஓர் இலையை எடுத்தார். சுண்ணாம்புகூடத் தடவாமல் மென்றார். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"சரி. அவங்க சொல்லிட்டாங்க. முடிஞ்சு போச்சு" என்று எழுந்தார்.

அவங்க என்றார், கேட்டீர்களா? அதற்குப் பிறகு அவர் வாயில் தங்கச்சி என்ற சொல் வரவில்லை.

சாட்டை வண்டிக்கு மின்சாரம் வரும் கம்பியை யாரோ அறுத்துப் போட்டார்கள். ஒயர்மேன் வருவதாகச் சொல்லிவிட்டு வரவில்லை, அவனும் கீழத்தெருக்காரன். மளிகைக் கடையில் எதைக் கேட்டாலும் தீர்ந்துவிட்டது என்றார்கள், சாக்கு கண்ணெதிரே இருக்கும்போதே. அடிக்காத நொச்சியை அரைத்துப் போட்டுப் பார்த்தாள். வலையை வீசி ஒரு ரோகுவை எடுத்து வயிற்றைத் திருப்பினாள். சிவப்புப் புள்ளி.

வேலியிலிருந்து ஒரு மூங்கில் கழியை உருவினாள். முதல் செடிக்கு முன்னால் போய் நின்றவளுக்குக் கை எழவில்லை. மெஷின் அடிப்பது வேறு, நாம் அடிப்பது வேறு இல்லையா? பிறகு பவுனம்மாளை நினைத்தாள். விழுந்தது ஒரு அடி. அறுந்த கம்பியை நினைத்தாள். மளிகைக்காரனை நினைத்தாள். வைத்தியையும் நினைத்தாள். "எனக்குன்னு யாருடா இருக்கீங்க, எனக்குன்னு யாரு" என்று கேட்டுக் கேட்டு வரிசை வரிசையாக அடித்தாள். உள்ளங்கை பிய்ந்து ரத்தம் கழியில் வழிந்தது. தன்மேலேயே இருந்த கோபம்தான் பாக்கி. அதற்கும் சேர்த்து அடித்தாள்.

அந்தச் சாற்றைச் சோதித்துப் பார்த்த நிரஞ்சனா திகைத்துப்போனாள். "மெஷினுக்கு இவ்வளவு வந்ததே இல்லையேக்கா. என்ன பண்ணுனீங்க?"

"கோவப்பட்டேன்."

"இல்லக்கா, அது... வாருக்குப் பழகியிருக்கும். கழி புதுசு, அதான்." சொல்லிவிட்டு அவளுடைய கையைப் பார்த்தாள். "அக்கா, போதும். இது இப்பக் கத்துற கத்து ஊர் தாண்டிப் போயிருக்கும்."

போனது. மறுநாள் கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையை மென்ற பெண்ணின் உதடு வீங்கியது. ஒரு முகூர்த்தத்துக்கு அனுப்பிய கூடை அப்படியே திரும்பி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தட்டில் விஷமா வைக்கிறீர்கள் என்று சண்டைக்கு நின்றார்களாம்.

வெயில் ஏறுகிற நேரத்தில் கீழத்தெருவே வந்தது. அரிவாள், கோடாலி, களைக்கொத்து, யார் கையில் எது அகப்பட்டதோ அது. எல்லோருக்கும் முன்னால் கலியபெருமாள் வெறுங்காலோடு வந்தார். தையல்நாயகி நொச்சிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"வெட்டாதீங்கண்ணே! அடிக்கே இந்தக் கத்து கத்துது. வெட்டுனா எப்படிக் கத்தும்? உங்க கொடிக்கால் தாங்காதுண்ணே!"

"வேரோட போயிடுச்சுன்னா சேதி சொல்ல யாரு இருப்பா?" என்றார் அவர். "தள்ளும்மா."

"இனிமே நான் வண்டிய ஓட்டல. கழியத் தொடல. நீங்க இதத் தொடாதீங்க, அது போதும். நெசமாச் சொல்றேன், சத்தியமாச் சொல்றேன்!"

பவுனம்மாள் சிரித்தாள். "சத்தியமா? வெத்தலைய வாயில வச்சுகிட்டுச் சொன்னியே, அந்தச் சத்தியமா?"

தையல்நாயகியின் கை தானாக இறங்கியது.

வெட்டினார்கள். ஒரு செடி மிச்சமில்லாமல் அடியோடு சாய்த்தார்கள். பச்சை வாசனை குப்பென்று எழுந்தது. அந்த வாசனைக்குள் மனித மூக்குக்கு எட்டாத இன்னொன்று இருந்தது. அது மேலைக்காற்றின்மேல் ஏறி, வரப்பைத் தாண்டி, அகத்தி நிழலுக்குள் நுழைந்து, ஒவ்வொரு கொடியின் காதிலும் சொன்னது. செடிக்குக் காது உண்டா என்று கேட்காதீர்கள், எனக்கு வேறு சொல் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு வெட்டிக் கிடந்த இலைக்கு நடுவே தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். வரிசை வரிசையாக மருந்து கிடந்தது, அவள் எத்தனை அடித்திருந்தாலும் கிடைக்காத மருந்து. குளத்தில் மீன்கள் புள்ளியோடு இருந்தன. அழுதுகொண்டேதான் அரைத்தாள். ஆனால் அரைத்தாள்.

மீன் பிழைத்துக்கொண்டது. கொடிக்கால் பிழைக்கவில்லை. கொடிகள் சாகவில்லை, அதுதான் கொடுமை. முன்னைவிடச் செழிப்பாக, கரும்பச்சையாக நின்றன. ஆனால் ஓர் இலையைக்கூட வாயில் வைக்க முடியவில்லை. நொச்சி போய், மேலைக்காற்று போய், மழை பெய்து ஓய்ந்த பிறகும் காரம் இறங்கவில்லை. கலியபெருமாள் புதிதாக ஒரு கொடி நட்டுப் பார்த்தார். அதே கொடியிலிருந்து கிள்ளி நட்டதுதானே, அதுவும் காரம்.

"பயந்த செடி மறக்கிறதுக்கு நாளாகும்" என்றாள் நிரஞ்சனா. "சிலது மறக்கவே மறக்காது."

அவள் அந்த வெற்றிலையில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "அக்கா, நொச்சியெல்லாம் ஒண்ணுமேயில்ல. அந்த வெத்தலச் சாறு சொட்டு விட்டாலே கிருமி நிக்க மாட்டேங்குது. பெரியவர்கிட்டச் சொல்லலாமா? கம்பெனியே மொத்தமா எடுத்துக்கும்."

தையல்நாயகிக்கு நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. கெடுத்தவளால் ஒரு நல்லதும் வந்ததென்று இருக்கட்டுமே என்று நினைத்தாள். "போய்ச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள்.

குளத்து மீனைப் பிடிக்க உள்ளூரில் ஒருவரும் வலைக்கு வரவில்லை. வெளியூர் ஆட்களை வைத்துப் பிடித்தாள். வைத்தி போனில், "அப்ப நீ வரலையா?" என்று கேட்டான். "வரல" என்றாள். ஜெயித்தவள் குரல் அப்படி இருக்காது.

மறுபடி குஞ்சு விடும் நாள் வந்தது. விடிந்ததும் வரப்புக்குப் போய்ப் பார்த்தாள். பழக்கம் விடுமா? வரப்பின்மேல் ஒன்றுமில்லை.

வெயில் வந்த பிறகு பேட்டரி வண்டியில் கலியபெருமாள் வந்தார். பின்னால் வெற்றிலைச் சாறு நிரப்பிய கேன் கட்டியிருந்தது. முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில் தடித்த உறை. சாறு பட்டால் தோல் உரியுமாம். கேனை இறக்கிக் கரையில் வைத்தார்.

"தீவனத்துல கலக்குறப்ப கை படாம கலக்குங்க" என்றார். "இதுக்கு மேல பலம் வேணும்னா முன்னாடியே சொல்லிடணும். அதுக்குத் தகுந்த மாதிரி அடிக்கணும்."

"அண்ணே."

அவர் நின்றார்.

"இன்னைக்குக் குஞ்சு விடுறேன். கும்புட ரெண்டு வெத்தல வேணும். நல்லதா இல்லாட்டியும் பரவால்ல. சாமிக்கு வைக்கிறதுதான்."

கலியபெருமாள் யோசித்தார். உண்மையாகவே, இருக்கிறதா என்று யோசிப்பதுபோலத்தான் இருந்தது.

"வெத்தல இல்லம்மா" என்றார். "மருந்துதான் இருக்கு."

வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கொடிக்கால் வாசலில் முன்பு செருப்புகள் கிடந்த இடத்தில் கம்பெனி கொடுத்த சாட்டை வண்டி நின்றது. அவர் பூட்ஸோடு உள்ளே போனார். திரும்பி வெளியே வந்து, உறையைக் கழற்றி, ஆள்காட்டி விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடித்தார். பொறுமையாக நின்றார். வாடைக்காற்று தயங்கித் தயங்கி மேற்கே, அவள் வீட்டைப் பார்த்துத் திரும்பியது.

முதல் அடி விழுந்த சத்தம் கேட்டதும் தையல்நாயகி கேனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக் கொல்லைக்கு ஓடினாள். முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பிஞ்சென்றும் பார்க்காமல், கத்திரிக்காய்களைப் பறிக்கத் தொடங்கினாள்.